உள்பக்கக் கண்ணாடியில் கோடு, மங்கல், திட்டு: ஜன்னல் துடைப்பவர்களுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வெளிப்பக்கம் நன்றாகத் துடைப்பவருக்கு உள்பக்கமும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. வெளியே இருப்பது தூசி, மழைக்கறை, பறவை எச்சம். தண்ணீரைத் தாராளமாக விட்டுக் கழுவினால் போய்விடும், வழிகிற தண்ணீரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. உள்ளே இருப்பது வேறு ரகம். சமையல் ஆவியோடு வந்து படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, விரல் தடம், சிகரெட் புகை, மெழுகுவத்திக் கரி, நாயின் மூக்குத் தடம், போன தடவை யாரோ அடித்த ஸ்பிரேயின் மிச்சம். தண்ணீரையும் அள்ளி ஊற்ற முடியாது. கீழே மரப்பலகை, பக்கத்தில் திரைச்சீலை, அதற்கும் கீழே சோபா.

அதனால் ஒரு குறை கண்ணில் பட்டதும் மறுபடி தேய்ப்பது உள்பக்கத்தில் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. குறை எதனால் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் துணியை எடுக்க வேண்டும். கீழே உள்ளவற்றில் உங்கள் ஜன்னல் எதைப் போல இருக்கிறதோ, அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில்: கறை எந்தப் பக்கம்?

கோடு தெரிந்ததும் கை தானாகத் துணியைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். கறையின் மேல் விரல்நுனியை வைத்து, தலையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். உள்பக்கக் கறை விரலை விட்டு நகராது. வெளிப்பக்கக் கறை விரலுக்குப் பின்னால் நழுவிப் போகும். இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் கறை கொஞ்சமாக நழுவினால் அது நடுவில் இருக்கிறது, அதிகமாக நழுவினால் வெளியே. பத்து நொடி வேலை. இதைச் செய்யாமல் வெளிப்பக்கக் கோட்டை உள்ளே இருந்து அரைமணி நேரம் தேய்த்தவர்கள் நிறையப் பேர்.

துணியால் முடிக்கிற சின்னக் கண்ணாடிகளில் இன்னொரு பழக்கம் உதவும். உள்பக்கத்தைக் கடைசியாக மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள், வெளிப்பக்கத்தைக் குறுக்காக மட்டும். பிறகு ஏதாவது தென்பட்டால் கோடு போகிற திசையே பக்கத்தைச் சொல்லிவிடும்.

பார்க்கிற விதமும் முக்கியம். வெளுத்த வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் பாதிக் குறை கண்ணுக்கே தெரியாது. எதிர்ச்சுவரோ மரமோ, இருண்ட ஏதோ ஒன்று பின்னால் வரும்படி நின்று, கண்ணாடியோடு ஒட்டினாற்போலச் சாய்வாகப் பாருங்கள். சின்ன டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். அதைச் சாய்த்து அடித்தால் வெயில் காட்டுவதை எல்லாம் அது காட்டும்.

துடைத்ததும் பளிச்சென்று இருந்தது, வெயில் பட்டதும் மங்கல்

உள்பக்க வேலையில் அதிகமாக வரும் புகார் இதுதான். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, சோப்பு அதிகம். நுரை வந்தால்தான் அழுக்கு போகும் என்ற எண்ணம் கையைத் தாராளமாக்கிவிடுகிறது. ஐந்து லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி போதும். இந்த வேலையில் சோப்பின் பெரும்பங்கு, தண்ணீரை வழித்தெடுக்கும் வைப்பரின் ரப்பரை வழுக்க வைப்பதுதான். கண்ணாடியில் தங்கிய சோப்பு காய்ந்தால் அதுவே படலம். அழகுக்காக நிறமும் மணமும் கைக்கு மென்மை தரும் பொருளும் சேர்த்த திரவங்கள் இதை இன்னும் மோசமாக்கும். எளிமையான ரகமாக வாங்குங்கள்.

இரண்டு, பழைய பிசுக்கு முழுதாகப் போகவில்லை. வருடக்கணக்காக ஸ்பிரேயும் காகிதமுமாகத் துடைத்து வந்த வீடுகளில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிச்சம் தங்கி, அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும். நீங்கள் ஒரு தடவை கழுவும்போது மேல் அடுக்கு கரைந்து, கண்ணாடி முழுதும் பரவி, காய்ந்ததும் மங்கலாகத் தெரியும். வீட்டுக்காரருக்கு என்ன தோன்றும்? நீங்கள் வந்த பிறகுதான் கண்ணாடி கெட்டது என்று. இரண்டு முறை கழுவுங்கள், இரண்டு முறைக்கும் நடுவில் தண்ணீரை மாற்றுங்கள். அப்படியும் போகவில்லை என்றால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சுத்தமான துணியில் நனைத்துத் துடைத்துவிட்டு, வெறும் தண்ணீரில் ஒரு முறை வழித்து எடுங்கள். ஆல்கஹால் தீப்பிடிக்கும் பொருள். எரிகிற அடுப்புக்கும் மெழுகுவத்திக்கும் பக்கத்தில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

புகைபிடிக்கிறவர் வீடு என்றால் முதல் கழுவலிலேயே வாளித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அந்த வீட்டுக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒரே தண்ணீரில் எல்லா அறையையும் முடிக்கப் பார்த்தால் ஒரு ஜன்னலின் புகைக்கறையை அடுத்த ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்.

மூன்றாவது காரணம் துணி. மைக்ரோஃபைபர் துணியைத் துணிகளை மென்மையாக்கும் திரவம் போட்டு அலசினால் அதன் மெழுகுத்தன்மை இழைகளில் தங்கி, துடைக்கிற கண்ணாடி எல்லாவற்றிலும் தடவப்படும். வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள்.

ஒவ்வொரு இழுப்பிலும் அதே இடத்தில் ஒரு கோடு

ரப்பரைப் பாருங்கள். ஸ்குவீஜி, வைப்பர் என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அந்தக் கருவியின் உயிர் ரப்பரின் விளிம்பில்தான் இருக்கிறது. 1936-இல் எட்டோர் ஸ்டெக்கோனே ஒற்றை ரப்பர் பட்டை வைத்த எடைகுறைந்த பித்தளை வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நம் கையில் இருப்பதும் அதே அமைப்புதான். துணைக்கு இரண்டாவது பட்டை கிடையாது, அந்த ஒரே விளிம்பில் ஊசிமுனை அளவு வெட்டு விழுந்தாலும் அது கண்ணாடியில் கோடாக இறங்கும்.

வெட்டைக் கண்ணால் தேட வேண்டாம். ரப்பரைத் துடைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தை விளிம்பின் மேல் இலேசாக வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்துங்கள். வெட்டு இருக்கும் இடத்தில் நகம் 'டிக்' என்று ஒரு நொடி நிற்கும். நகம் எங்கும் நிற்கவில்லை, ஆனால் விளிம்பு கூர்மையாக இல்லாமல் உருண்டு வழவழவென்று இருக்கிறது என்றால் ரப்பர் தேய்ந்துவிட்டது. உருவித் திருப்பி மாட்டுங்கள், ஒரே பட்டையில் இன்னொரு விளிம்பு கிடைக்கும். அதுவும் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். ரப்பரில் கஞ்சத்தனம் பார்த்தால் அந்தச் செலவு துணியிலும் நேரத்திலும் போய்விடும்.

வெட்டே இல்லாமல் கோடு வந்தால் விளிம்பில் மணலோ நூலோ ஒட்டியிருக்கலாம். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பரைத் துணியில் ஒற்றினால் இது தீரும்.

கோடு இடம் மாறி மாறி வந்தால் ரப்பரை விட்டுவிட்டுக் கையைக் கவனியுங்கள். இரண்டு இழுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று இரண்டு விரல் அகலமாவது ஏறி நிற்க வேண்டும். இழுக்கும்போது காய்ந்த பக்கத்தின் முனை கொஞ்சம் முன்னே போகும்படி சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் ஈரப் பக்கமே தள்ளப்படும். அழுத்தமும் ஒரே சீராக இருக்கட்டும். அழுத்தினால் நன்றாக வழிக்கும் என்பது தவறு. அழுத்த அழுத்த ரப்பர் மடங்கி, விளிம்புக்குப் பதிலாக அதன் வயிறுதான் கண்ணாடியைத் தொடும்.

ரப்பர் கிறீச்சிட்டுத் துள்ளுகிறது

வழுக்கல் போதவில்லை. கண்ணாடி பாதி காய்ந்திருக்கும், அல்லது ரப்பரே காய்ந்திருக்கும். தொடங்கும் முன் ரப்பரை ஈரத்துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள், வாளியில் இரண்டு சொட்டுத் திரவம் சேருங்கள். அப்படியும் துள்ளினால் கண்ணாடியில் பிசுக்கு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குறிப்பிட்ட கண்ணாடியில் மட்டும் ரப்பர் இழுத்துப் பிடிக்கிறது என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அறைப்பக்கத்தில் வெப்பத் தடுப்புப் பூச்சு இருக்கலாம். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

ஓரத்தில் தண்ணீர்க் கோடு, போன பிறகு சொட்டு

சோப்புத் தண்ணீர் தடவும் தேய்ப்பானில் தண்ணீர் அதிகம். வெளியே போல நனைக்காதீர்கள். வாளியில் முக்கி, நன்றாகப் பிழிந்து, கண்ணாடியில் வைத்தால் வழியாத அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். சட்டத்தின் ரப்பர் வார்ப்பட்டை வரை தேய்த்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போன பிறகு மெல்ல விடும். அதனால் ஓரம் துடைப்பதை உடனே செய்யாமல் அறையில் உள்ள மற்ற ஜன்னல்களை முடித்துவிட்டுத் திரும்பி வந்து செய்யுங்கள். அதற்குள் வர வேண்டிய தண்ணீர் வந்திருக்கும். துணியை விரல்நுனியில் இறுகச் சுற்றி, ஓரத்தை ஒட்டி ஒரே ஓட்டமாக இழுங்கள். அங்கங்கே ஒற்றினால் ஒற்றின இடமெல்லாம் தெரியும்.

வைப்பரின் உலோகப் பிடிக்கு வெளியே இரு முனையிலும் ரப்பர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். உள்ளே போயிருந்தால் ஓரத்தில் தண்ணீர் நிச்சயம் நிற்கும், உலோகம் சட்டத்தையும் கீறும்.

இழுக்கும் முன்பே காய்கிறது

நேர் வெயில் படும் கண்ணாடி. முடிந்தால் வீட்டைச் சுற்றி வெயிலுக்கு எதிர்ப்புறமாக வேலை செய்யுங்கள். முடியாவிட்டால் கண்ணாடியை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்துக்கொண்டு நனைத்தவுடன் இழுங்கள். சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரையோ, உறைகுளிரில் கிடக்கும் கண்ணாடியில் கொதிக்கும் தண்ணீரையோ விடாதீர்கள். திடீர் வெப்ப மாற்றத்தில் கண்ணாடி விரிசல் விடும்.

பஞ்சும் நூலும் ஒட்டுகின்றன

புதுத் துணி அல்லது தேய்ந்த துணி. புதியதை இரண்டு முறை துவைத்து எடுத்துவாருங்கள்.

வெள்ளைத் திட்டுகள், எத்தனை கழுவினாலும் போகவில்லை

குளியலறை ஜன்னலிலும், செடித் தொட்டிகள் வைத்த ஜன்னலின் கீழ்ப்பகுதியிலும் பாருங்கள். உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து சுண்ணாம்பாகப் படிந்தவை இவை. சோப்புக்கு அசையாது, அமிலத்துக்கு அசையும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியைத் திட்டின் மேல் ஐந்து, பத்து நிமிடம் ஒட்டி வைத்து, தேய்த்து, தண்ணீரில் நன்றாக எடுங்கள். அதற்கு முன் ஜன்னலின் கீழ்ப்பலகை என்ன கல் என்று பாருங்கள். பளிங்காகவோ சுண்ணாம்புக் கல்லாகவோ இருந்தால் ஒரு சொட்டு வினிகரே அதன் மெருகைத் தின்றுவிடும், பிறகு துடைத்து மீட்க முடியாது. நீர் ஊறாத விரிப்பை விரித்துவிட்டுச் செய்யுங்கள். வீட்டில் வேறு யாராவது ப்ளீச் தெளித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் வினிகரையும் அம்மோனியா கலந்த திரவத்தையும் அங்கே திறக்கவே வேண்டாம். இரண்டில் எது ப்ளீச்சோடு சேர்ந்தாலும் நச்சு வாயு வரும்.

இரண்டு முறை வினிகர் வைத்தும் திட்டு அப்படியே இருந்தால், நாள்பட்டதால் கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மெருகூட்டல்தான் வழி. அது தனி வேலை, தனியாகப் பேசி முடிவு செய்ய வேண்டியது.

ஸ்டிக்கர், பெயிண்ட் துளி, டேப் பசை: பிளேடு எடுக்கலாமா?

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். மற்ற தவறுகளைக் கழுவித் திருத்தலாம், பிளேடு போட்ட கீறலைத் திருத்த முடியாது. பிளேடை எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்.

*படம் (ஃபிலிம்) ஒட்டியிருக்கிறதா?* வெயில் தடுக்கும் படங்கள் பெரும்பாலும் உள்பக்கத்தில்தான் ஒட்டப்படுகின்றன. சட்டத்தை ஒட்டி உற்றுப் பாருங்கள். படம் கண்ணாடியின் ஓரம் வரை போகாமல் ஓரிரு மில்லிமீட்டர் முன்பே மெல்லிய கோடாக முடியும். இருந்தால் பிளேடும் வேண்டாம், சொரசொரப்பான பஞ்சும் வேண்டாம், அம்மோனியா கலந்த திரவமும் வேண்டாம். சோப்புத் தண்ணீரும் மென்மையான தேய்ப்பானும் மட்டும் போதும். புதிதாக ஒட்டியது என்றால் அது காய்ந்து பிடிக்கச் சுமார் 30 நாள் ஆகும், அதுவரை தொடாமல் விடுவது நல்லது. உள்ளே சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் தெரிந்தால் அவை தானாக வற்றும், விரலால் தள்ளப் பார்க்காதீர்கள்.

*அறைப்பக்கப் பூச்சு இருக்கிறதா?* சில இரட்டைக் கண்ணாடிகளில் வெப்பத் தடுப்புப் பூச்சு அறையைப் பார்த்த பக்கத்தில் இருக்கும். டார்ச்சைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துச் சாய்வாகப் பார்த்தால் ஒளிப்பிம்பங்கள் நான்கு தெரியும். ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் பூச்சு அந்தப் பரப்பில் இருக்கிறது. உங்களுக்கு மிக அருகில் உள்ள பிம்பமே நிறம் மாறியது என்றால் பிளேடை உறையிலேயே வைத்துவிடுங்கள். அந்தப் பூச்சில் உலோகம் உரசினால் பென்சில் கோடு போலக் கறுப்பாகப் பதியும்.

*பதப்படுத்திய (டெம்பர்டு) கண்ணாடியா?* மூலையில் சின்ன முத்திரை அச்சிட்டிருக்கும். உற்பத்தியின்போது கண்ணாடித் தூள் பரப்பில் உருகி ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாது. பிளேடு அந்தத் துகளைப் பெயர்த்து, அதையே இழுத்துக்கொண்டு போகும், கோடு விழும். ஈரக் கண்ணாடியில் விரல்நகத்தை ஓட்டினால் மணல் தடவுவது போல நெருடும். நெருடினால் பிளேடு வேண்டாம்.

மூன்றும் இல்லை என்றால் புது பிளேடு, நன்றாக நனைத்த கண்ணாடி, முன்னோக்கி மட்டும் தள்ளல். பின்னோக்கி இழுத்தால் பிளேடுக்கு அடியில் சிக்கிய துகள் கீறும். ஸ்டிக்கர் பசைக்கு ஆல்கஹாலை ஊறவிட்டாலே பெரும்பாலும் பிளேடுக்கு வேலை இருக்காது, நான் அதைத்தான் முதலில் செய்வேன். ஏற்கெனவே கீறல் இருக்கும் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஈரமும் மங்கலும்

இது உங்கள் வேலையே அல்ல. இரட்டைக் கண்ணாடியைச் சுற்றியுள்ள அடைப்பு விட்டுப்போய், வெளிக்காற்றின் ஈரம் உள்ளே நுழைந்திருக்கிறது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலுள்ள இடைப்பட்டைக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகளும் நிறைந்துவிட்டன. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு கூடத்து ஜன்னலை நான்கு தடவை கழுவினேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே மேகம். அந்த அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, அது மூணு வருஷமா அப்படித்தான் இருக்கு" என்றார். விரல் சோதனையைக் கற்றுக்கொண்டது அன்றுதான். இப்போது முதல் சுற்றுப் பார்வையிலேயே இப்படிப்பட்ட கண்ணாடிகளைக் காட்டி, "இதைக் கழுவினாலும் மாறாது, கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் சொட்டிவிட்டது

மரப்பலகை என்றால் அடுத்த நொடியே ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பழைய மெருகில் தண்ணீர் சில நிமிடம் நின்றாலே வெள்ளை வளையம் விழும். திரைச்சீலையில் பட்டால் உலர்ந்த துணியை இருபுறமும் வைத்து அழுத்துங்கள், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போனால் மறுநாள் அவர்களே கண்டுபிடிப்பார்கள், அதன் பிறகு அந்த வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது.

வராமல் தடுப்பது சுலபம். கீழ்ப்பலகையில் ஒரு தடித்த துண்டு, தரையில் ஒரு விரிப்பு, வாளி விரிப்பின் மேல். ஜன்னல் ஓரத்தில் உள்ள பொருள்களை எடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள், அதே வரிசையில் திரும்ப வைக்க உதவும். புகைப்படச் சட்டம், நினைவுப் பொருள், பூஜைக்கோ பிரார்த்தனைக்கோ வைத்தவை என்றால் நீங்கள் தொடாமல் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். சட்டத்தில் ஒட்டிய திருட்டு எச்சரிக்கை உணரிகளை நனைக்காதீர்கள்.

போன பிறகு கூப்பிட்டு, "கோடு தெரிகிறது" என்கிறார்கள்

எந்த நேரத்தில், எங்கே இருந்து பார்த்தபோது தெரிந்தது என்று கேளுங்கள். அதே நேரத்துக்குப் போங்கள். காலையில் போய்ப் பார்த்தால் மாலை வெயிலின் கோடு தெரியாது.

ஒரு வயதான அம்மா, சாயங்காலம் நான்கு மணிக்கு ஜன்னலில் பிறை மாதிரி ஒன்று தெரிகிறது என்று கூப்பிட்டார். போய் நின்று பார்த்தேன், எதுவும் இல்லை. டார்ச் அடித்தேன், அப்போதும் இல்லை. கடைசியில், "நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள் அம்மா?" என்று கேட்டேன். சாய்வு நாற்காலியைக் காட்டினார். அனுமதி கேட்டு அதில் உட்கார்ந்தேன். என் கண் உயரத்துக்குச் சரியாக, வைப்பரைத் திருப்பிய இடத்தில், கைவிரல் நீளத்துக்கு ஒரு வளைந்த கோடு. அவர் நாள் முழுதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறவர், அந்தக் கோட்டின் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியை நான்காக மடித்து ஒரு இழுப்பு, உலர்ந்த துணியால் இன்னொன்று. மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்தேன். இப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் கருவிகளை மூட்டை கட்டும் முன், அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தைக் கேட்டு, அங்கே உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.